எங்கள் பங்கு எது?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கோயிலுக்குள் முதலில் கேட்பது மணியோசை அன்று, விளக்குமாற்றின் ஓசை. மறுநாள் திருப்பலிக்காகக் கீழத்தெருவிலிருந்து பெண்கள் மூவர் வந்து, பீடத்தின் அடிப்படியிலிருந்து தலைவாசல்வரை பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். அவர்களுள் மூத்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஊரார் அவரை 'ஆயா' என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைத்து வந்தேன். கூலி எதுவும் அவர் கேட்டதில்லை. அவருடைய மாமியார் பெருக்கினாராம்; அவருக்குப் பின் இவர் பெருக்குகிறார். அவ்வளவுதான்.

2022 ஆகஸ்டில் அப்படியொரு சனிக்கிழமை. அடுத்த மூன்று மாதங்களுக்கான வாசகர் பட்டியலைக் கணினியில் அச்சிட்டு, சக்ரீஸ்து அறைக் கதவின் அருகே ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்து, சற்றுத் தள்ளி நின்று அதன் அழகைப் பார்த்தேன். பெருக்கிக்கொண்டே வந்த ஆயாவிடம், மகிழ்ச்சி மிகுதியில், "என்ன ஆயா, நாளைக்குப் பூசையில சும்மா உக்காந்திருக்கக் கூடாது. வாயத் தொறந்து பாடணும், பதில் சொல்லணும். பூசையில எல்லாருக்கும் பங்கு இருக்கு, தெரியுமில்ல?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியுங்க சாமி. வாசிக்கிறது அவுக பங்கு. பெருக்குறது எங்க பங்கு. அவுகவுக பங்க அவுகவுக செஞ்சுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார்.

அந்தச் சொற்களில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. கண்மாய்க்கு மேற்கே சூரியன் மறைகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து பெருக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் சீமையில் அமைந்தது எங்கள் பங்கு. மழை பெய்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் கடலை, அதுவும் இல்லையேல் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பயணம். சாலையின் இருபுறமும் தைலமரக் காடுகள். மையக் கோயிலும் கிளைக் கிராமங்கள் ஏழும் சேர்ந்தது பங்கு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டைகளைச் சில தோட்டங்களில் இன்றும் காணலாம்.

2021 சூன் திங்களில் நான் அங்கு பொறுப்பேற்றபோது கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, முன்பு நான் இருந்த பங்கில், பூட்டிய கோயிலுக்குள் ஒரு கைப்பேசியை எதிரே நிறுத்திவைத்துத் திருப்பலி நிறைவேற்றியவன் நான். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று கைப்பேசியை நோக்கிச் சொல்லிவிட்டு, அதற்குரிய பதிலையும் நானே முணுமுணுத்த நாள்கள் அவை. பின்னர் மக்கள் என்னைச் சந்தித்தபோது, "உங்க பூசைய டெய்லி பார்த்தோம் ஃபாதர்" என்றார்கள். அன்பினால் சொன்னார்கள், எனக்கோ நெஞ்சில் ஏதோ உறுத்திற்று.

'பூசை பார்த்தல்' என்பது நம்மிடையே புதிய வழக்கு அன்று. நம் பாட்டிமார் 'பூசை கண்டு வந்தோம்' என்றே சொல்வர். ஞாயிறும் கடன் திருநாளும் முழுப்பூசை 'காண' வேண்டும் என்பதே பழைய ஞானோபதேசம் கற்பித்த கடமை. அந்தக் காலத்தில் காண்பதைத் தவிர வேறு என்ன செய்ய இயலும்? குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்று இலத்தீனில் செபிப்பார். மக்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வர். எழுந்தேற்றத்தின்போது மணி ஒலித்தால் தலைநிமிர்ந்து காண்பர். ஆயினும் அந்தக் காட்சியில் விசுவாசம் இருந்தது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. அந்த விசுவாசத்தின் மடியில் வளர்ந்தவன் நானும்.

1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் தங்கள் முதல் ஏடாகத் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டனர். 2,147 பேர் அதனை ஏற்றனர். எதிர்த்து வாக்களித்தோர் நால்வரே. திருவழிபாட்டில் மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டுமென்று அந்த ஏடு விரும்பிற்று. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றையும் சொன்னது: இப்பங்கேற்பு குருவானவர் மனமிரங்கி அளிக்கும் சலுகை அன்று, திருமுழுக்கினால் ஒவ்வொரு கிறிஸ்தவருக்கும் கிட்டும் உரிமை, கடமையும்கூட.

குருமடத்தில் இதையெல்லாம் படித்துத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபோது இறையியல் மாணவனாயிருந்தேன். புதிய நூலின் மணம் மாறாத பக்கங்களைப் புரட்டி, இனி நம் மக்கள் நல்ல தமிழில் இறைவார்த்தையைக் கேட்பர், தாமே வாசிப்பர் என்று நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

அந்தக் கனவோடுதான் இப்பங்கில் வேலையைத் தொடங்கினேன். நோய்க்காலம் மக்களைப் பார்வையாளராக்கிவிட்டது. அவர்களைப் பங்கேற்பாளராக்குவேன் என்று உறுதி பூண்டேன். பாடகர் குழு ஒன்றை அமைத்தேன், கீபோர்டு வாங்கினேன். பாடல் வரிகள் தெரியும்படி திரை ஒன்று சுவரில் ஏறியது. வாசகர்களுக்குப் பயிற்சி அளித்தேன். மன்றாட்டுகளைத் தரமான நூலிலிருந்து தேர்ந்து அச்சிட்டுக் கொடுத்தேன். திருவிழாவுக்கு வந்த குருக்கள், "வழிபாடு மிகவும் ஒழுங்காக இருக்கிறது" என்று பாராட்டிச் சென்றனர். அந்தப் பாராட்டின் இனிமையில் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்த வேளையில்தான் ஆயாவின் மறுமொழி வந்தது.

அன்று இரவு பட்டியலைப் பிரித்தெடுத்து வந்து என் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஞாயிறு ஒன்றுக்கு முதல் வாசகர், இரண்டாம் வாசகர், மன்றாட்டு வாசிப்பவர் என மூவர். 13 ஞாயிறுகளுக்கு 39 இடங்கள். அந்த 39 இடங்களையும் ஒன்பது பேரே மாறி மாறி நிரப்பியிருந்தனர். ஒன்பது பேரும் மேலத்தெருவினர். அல்லது கடைவீதியில் வாழும் ஆசிரியர், அலுவலர் குடும்பத்தினர். மையக் கோயிலின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி கீழத்தெருவைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள். அவர்களிடமிருந்து ஒரு பெயரும் இல்லை.

சாதி பார்த்து அப்பட்டியலை நான் தயாரிக்கவில்லை, இறைவன் அறிவார். தெளிவாக வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று மட்டுமே பார்த்தேன். உச்சரிப்பு நன்றாயிருந்தவர்களை எடுத்தேன். ஆனால் உச்சரிப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. நல்ல பள்ளி, வீட்டில் செய்தித்தாள், மேடை ஏறிப் பழகிய தந்தை, 'எழுந்து பேசு' என்று தட்டிக்கொடுத்த ஆசிரியர் ஆகியோர் சேர்ந்து தந்த வரம் அது. தலைமுறை தலைமுறையாகச் சிலருக்கு அது கிடைத்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதன் விளைவையே தகுதியின்மை என்று பெயரிட்டு, நான் கணினியில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன். நோக்கம் தூயது, பட்டியலோ பழைய பட்டியலே.

பங்கு என்ற சொல்லை அன்றுதான் நின்று நிதானித்து எண்ணிப் பார்த்தேன். பிற மொழிகளில் பங்கைக் குறிக்கும் சொற்கள் எப்பொருள் தந்தாலும், தமிழில் அதன் பொருள் வெளிப்படை: கூறு, பாகம், உரிமை. வயலில் பங்கு, கிணற்றில் பங்கு, வீட்டில் பங்கு என்போம். பங்கு உடையவன் பங்காளி. நம் ஊர்களில் அந்தச் சொல் இரத்த உறவையும் குறிக்கும். வரப்புத் தகராற்றையும் நினைவூட்டும். பங்குத்தந்தை என்று என்னை அழைக்கிறார்கள். அப்படியானால் தகப்பன் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்ததில் ஒரு பிள்ளைக்குப் பீடத்தையும், இன்னொரு பிள்ளைக்கு விளக்குமாற்றையும் கொடுத்திருக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தை அன்று மீண்டும் வாசித்தேன். ஆண்டவரின் திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று அந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று குருமடத்தில் படித்தோம். ஆனால் அச்சான்றை எழுத வேண்டிய தேவை பவுலுக்கு ஏன் ஏற்பட்டது? வசதி படைத்தோர் முன்னதாகவே உண்டு முடிக்க, உழைத்துக் களைத்துப் பின்னால் வந்தோர் பசியோடு நிற்க நேர்ந்த ஒரு சபையைக் கண்டிக்கவே எழுதினார். அப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தே அன்று என்று துணிந்து சொன்னார். அப்பமும் இரசமும் பற்றிய இறையியல், ஒதுக்கப்பட்டவரின் பசியிலிருந்து பிறந்தது. நான் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். ஆயா அதை எனக்கு விளக்கிவிட்டார்.

கி.பி. 150ஐ ஒட்டி உரோமையில் வாழ்ந்த மறைச்சாட்சி தூய யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டைப் பற்றிப் புறவினத்து அரசனுக்கு எழுதிய விளக்கம் நம் கையில் இருக்கிறது. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகின்றனர். ஒருவர் திருநூலை வாசிக்கிறார். தலைவர் அறிவுரை கூறுகிறார். பின்னர் எல்லாரும் எழுந்து மன்றாடுகின்றனர். தலைவர் நன்றி செலுத்தும்போது மக்கள் 'ஆமென்' என்று தம் இசைவைத் தருகின்றனர். வர இயலாதவர்க்குத் திருத்தொண்டர்கள் அப்பத்தைக் கொண்டு செல்கின்றனர். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் போய்ச் சேர்கிறது. இவ்விளக்கத்தில் பார்வையாளர் என்று எவரும் இல்லை. 'எல்லாரும் எழுந்து மன்றாடும்' அந்தப் பொது மன்றாட்டு, நூற்றாண்டுகள் பலவாக உரோமை வழிபாட்டில் மறைந்து கிடந்து, வத்திக்கான் சங்கத்தால் மீட்கப்பட்டது. மீட்டுத் தந்ததை நான் அச்சிட்ட தாளாக்கி, ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் செய்துகொண்டிருந்தேன்.

நம் மண்ணின் வரலாறும் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்து ஆவூர், மதுரை மறைத்தளத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புஷே அடிகளார் அதற்கு வித்திட்டார். இன்றுள்ள பெரியநாயகி அன்னை ஆலயம் 1747இல் எழுந்ததாக மாவட்ட வரலாறு குறிக்கிறது. வீரமாமுனிவரும் அங்குப் பணியாற்றியவர். அக்காலத்தில் ஒரு குருவுக்குப் பல நாள் நடைதூரம் பரந்த பங்கு. ஆண்டுக்கு ஓரிரு முறை அவர் ஓர் ஊருக்கு வந்தால் பெரிது. எஞ்சிய நாள்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர், நோயாளியின் பாயருகே அமர்ந்தவர், இறந்தவரை அடக்கம் செய்தவர், சாகும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தவர் உபதேசியார். அவர்களுடைய வாழ்வும் பணியும் எப்படி அமைய வேண்டும் என்பதற்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1830களின் இறுதியில்தான் அச்சபையினர் மதுரைக்குத் திரும்பினர். இடைப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் குருக்கள் அருகியிருந்தபோது விசுவாசத்தைக் காத்தவர்கள் இந்த உபதேசியார்களும், மனப்பாடமாகச் செபம் அறிந்த தாய்மார்களும் அல்லவா? பொதுநிலையினரின் பங்கேற்பு, வத்திக்கானிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு அன்று. நம் முன்னோர் அதனால்தான் பிழைத்தார்கள்.

ஆனால் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பது நேர்மையாகாது. அதே மதுரை மறைத்தளத்தில், உயர்சாதியினரிடையே பணியாற்றத் துறவிக் கோலத்தில் ஒருவகைக் குருக்களும், பிறரிடையே பணியாற்ற, 1640 முதல், பண்டாரசாமிகள் என மற்றொருவகைக் குருக்களும் இருந்தனர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் சாதிவாரியாக இரு பகுதிகள், நடுவே தடுப்பு. 1910இல் அத்தடுப்பை அகற்றியபோது வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. அந்தச் சுவர் இடிந்தது. என் பட்டியலோ, இடிக்க முடியாதபடி காகிதத்தால் கட்டிய சுவர், கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே எவரும் வழக்குத் தொடரவும் இயலாதது.

மறுவாரம் பங்குப் பேரவையைக் கூட்டினேன். உலக ஆயர் மாமன்றத்திற்காக எல்லாப் பங்குகளிலும் மக்களின் குரலைக் கேட்க வேண்டுமென்று 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த முயற்சி அப்போது நடந்து முடிந்திருந்தது. நாங்களும் கூட்டம் நடத்தி, அறிக்கை எழுதி அனுப்பியிருந்தோம். அந்த அறிக்கையில் எல்லாம் நலம் என்றே எழுதியிருந்தோம். இப்போது ஆயா சொன்னதை, அவர் பெயரைக் குறிப்பிடாமல், பேரவையில் சொன்னேன். இனி அன்பியம்தோறும் முறை வைத்து, எல்லாத் தெருக்களிலிருந்தும் வாசகர்கள் வர வேண்டும். மன்றாட்டுகளை அந்தந்த அன்பியத்தாரே எழுத வேண்டும் என்றேன்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்பு ஓர் ஆசிரியர் எழுந்தார். நல்ல மனிதர், என் ஒன்பது வாசகர்களுள் சிறந்தவர். "ஃபாதர், தவறாக நினைக்காதீர்கள். இறைவார்த்தைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தடுமாறி வாசித்தால் கேட்பவர்க்கு என்ன பயன்?" என்றார். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. அடுத்து எழுந்த பெரியவரோ சுற்றி வளைக்கவில்லை. "சாமி, நீங்க இன்னைக்கு இருப்பீக, நாளைக்கு மாத்தலாகிப் போயிருவீக. நாங்க இங்கனதான் கெடக்கணும். இருக்கிற பழக்கத்தக் கலைக்காதீக" என்றார்.

ஆசிரியருக்கு மறுமொழியாக வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வாசகப் பயிற்சி என்று அறிவித்தேன். பெரியவருக்கு மறுமொழி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவர் சொன்னதும் உண்மைதானே! நான் போய்விடுவேன். நான் கிளப்பிய புழுதியில் வாழப்போகிறவர்கள் அவர்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஊர் பிளவுபட்டால், திருவிழா நின்றால், யாருக்கேனும் அடி விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஒற்றுமை என்ற பெயரால் அநீதியோடு வாழ்வதா, நீதி என்ற பெயரால் ஒற்றுமையை உடைப்பதா? இரண்டும் நற்செய்தி அன்று என்று தெரிந்தது. மூன்றாவது வழி எது என்று தெரியவில்லை. தெரியாமலேதான் தொடங்கினேன்.

அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27இல் வந்தது. முதல் வாசகம் வாசிக்கும் முறை ஆயாவின் பேத்திக்கு. பதினோராம் வகுப்பு மாணவி. பெண்கள் வாசிப்பது நம் பங்குகளில் நெடுநாள் வழக்கம்தான். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். ஆகவே பெண் என்பதற்காக எவரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்ததற்குக் காரணம் வேறு. அவள் இருக்கையை விட்டு எழுந்ததும், ஆண்கள் பக்கத்திலிருந்து நான்கு குடும்பத் தலைவர்கள் எழுந்து வெளியே போய், முற்றத்து வேம்பின் அடியில் நின்றுகொண்டனர். பீடத்திலிருந்து அவர்களுடைய வெள்ளை வேட்டிகள் எனக்குத் தெரிந்தன.

அந்த ஞாயிற்றின் வாசகம் எசாயா நூலின் இரண்டாம் அதிகாரம்: ஆண்டவரின் மலையை நோக்கி மக்களினத்தார் எல்லாரும் திரண்டு வருவதும், வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறுவதும் பற்றிய காட்சி. நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்று பின்னர் சிலர் குறை கூறினர். திருச்சபையின் நாள்காட்டியே தேர்ந்தது அது. முதல் வரியிலேயே அவள் தடுமாறினாள். 'ஆமோட்சின் மகன்' என்ற இடத்தில் நாக்குப் புரளவில்லை. ஒரு முறை முயன்றாள், மறுமுறை முயன்றாள், நின்றுவிட்டாள். எங்கோ ஓர் இளைஞன் சிரித்தான். என் கைகள் குளிர்ந்துபோயின. எழுந்து போய் உதவலாமா என்று எண்ணிய அதே நொடியில், முதல் வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று, "ஆ-மோட்-சின்" என்று எடுத்துக் கொடுத்தது. அந்த ஆசிரியர்தான். அவள் அவரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். பிறகு அவள் நிற்கவே இல்லை. இறுதிவரை வாசித்துவிட்டு, 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று சொன்னபோது குரல் நடுங்கிற்று. ஆனால் கோயில் முழுவதும் கேட்டது.

மறு வெள்ளி முதல் வாசகப் பயிற்சிக்கு ஆசிரியராக அவரே வந்தார். நான் அழைக்கவில்லை. "உச்சரிப்பு சரியில்லை என்று சொன்னவன் நான்; சரிசெய்ய வேண்டியதும் நான்தானே ஃபாதர்" என்றார். மூன்றாவது வழி எது என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, அதன் முதல் அடியைக் காட்டியவர் அவர்.

அந்த டிசம்பரின் இறுதியில் எங்கள் மாவட்டத்தையே தலைகுனிய வைத்த செய்தி வந்தது. வேங்கைவயல் என்னும் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியின் நீரில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளிப்பட்டது. தேநீர்க் கடைகளில் எல்லாரும் அதைப் பற்றியே தாழ்ந்த குரலில் பேசினர். 2023 சனவரி முதல் நாள் ஞாயிறாக அமைந்தது. இறைவனின் தாயாகிய மரியாவின் பெருவிழா. மன்றாட்டு முறை கீழத்தெரு அன்பியத்துக்கு. அவர்கள் எழுதிய மன்றாட்டுகளை வாசிக்க நால்வர் வந்தனர். ஐந்தாவதாக ஆயா வந்தார். கையில் தாள் இல்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. மைக்கின் முன் நிற்கத் தெரியாமல் சற்றுத் தள்ளி நின்றே பேசினார்.

"ஆண்டவரே, அந்தத் தண்ணியக் குடிச்ச பிள்ளைக வயித்துல ஒரு நோவும் வராமப் பாத்துக்கிரும். தண்ணியக் கெடுத்தவுக யாரா இருந்தாலும் அவுக மனசையும் கழுவிவிடும். எங்க மனசுல கசப்பு ஏறாமயும் பாத்துக்கிரும்."

மூன்றே வாக்கியங்கள். எத்தனையோ ஆண்டுகளாக நான் தேர்ந்து அச்சிட்ட மன்றாட்டுகள் எல்லாம் சேர்ந்தும் அவற்றின் எடைக்கு ஈடாகா. அவர் முடித்ததும் மக்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு கணம் கோயில் அமைதியாயிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் குரல் எழுந்தது. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்தும் எழுந்தது. எல்லாரும் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். வாய் திறவாமல் தரையைப் பார்த்திருந்தவர்களையும் கண்டேன். ஆனால் எடுத்துக் கொடுக்கப் பாடகர் குழுவும் இல்லாமல், திரையில் எழுத்தும் இல்லாமல் அந்தப் பங்கு ஒரே குரலில் மன்றாடியதை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். யுஸ்தீன் எழுதிய அந்த 'எல்லாரும்' யார் என்று எனக்குப் புரிந்தது.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். வேம்பின் அடியில் நின்ற நான்கு குடும்பத்தாரும் அவ்வாண்டுத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கவில்லை. அவர்களுள் இரு குடும்பத்தார் பாஸ்காத் திருவிழிப்புக்கு வந்தனர். பின்னர் ஞாயிறுகளிலும் வருகின்றனர். மற்ற இரு குடும்பத்தாரையும் வீடு தேடிச் சென்று சந்தித்து வருகிறேன். காப்பி கொடுத்து உபசரிக்கிறார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களும் என் பிள்ளைகளே. அவர்களை விலக்கிவிட்டுப் பெறும் வெற்றி எனக்கு வேண்டாம். 'மாத்தலாகிப் போயிருவீக' என்று சொன்ன பெரியவர் மட்டும் ஒருநாள், "அந்தப் புள்ள இப்ப நல்லாத்தான் வாசிக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

பேரவையில் இன்னொன்றையும் முடிவு செய்தோம். வாசிக்கும் பங்கைப் பகிர்ந்தால், பெருக்கும் பங்கையும் பகிர வேண்டுமல்லவா? எனவே வாசகர் பட்டியலுக்குக் கீழே இரண்டாவது பட்டியல் ஒன்றையும் ஒட்டினேன்: சனிக்கிழமைத் துப்புரவுக்கு எல்லாத் தெருக்களிலிருந்தும் முறை. வாசகர் பட்டியல் இப்போது எளிதாக நிரம்பிவிடுகிறது. இரண்டாவது பட்டியல் நிரம்ப இன்றும் அரும்பாடு படுகிறோம். மேலே ஏறுவதைப் பகிர்ந்துகொள்ள மனிதர் எளிதில் இசைவர். கீழே குனிவதைப் பகிர்ந்துகொள்ளத்தான் மனம் வருவதில்லை. பெரிய வியாழனன்று ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததை ஆண்டுதோறும் சடங்காகச் செய்து காட்டும் நமக்கே இப்படி.

அன்பார்ந்த வாசகர்களே, நாளை உங்கள் பங்குக் கோயிலுக்குச் செல்லும்போது வாசிப்பவர் யார், பெருக்குபவர் யார் என்று ஒரு முறை பாருங்கள். பாடல் எவ்வளவு இனிமை, ஒலிபெருக்கி எவ்வளவு தெளிவு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துப்புரவுப் பட்டியலின் முதல் வரியில் என் பெயரையே எழுதியிருந்தேன். முதல் சனிக்கிழமை விளக்குமாற்றை எடுத்தபோது ஆயா பதறிப்போனார். "குடுங்க சாமி, இது எங்க பங்கு" என்றார். "நம்ம பங்கு ஆயா" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நான் பெருக்குவதைக் கவனித்தார். பீடத்திலிருந்து தலைவாசல்வரை பெருக்கி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டை எதிர்பார்ப்பவன்போல் அவரைப் பார்த்தேன்.

"மூலைய விட்டுட்டீகளே சாமி" என்றார்.